இருபது வளைவு தாண்டி வந்த சோறு

எங்கள் ஹாஸ்டலில் சமையலறை கிடையாது. இதை இப்போது யாரிடம் சொன்னாலும் நம்ப மறுக்கிறார்கள். ஏற்காட்டில் அப்போதுதான் ஆரம்பித்திருந்த ஒரு பெண்கள் கல்லூரி அது. முதலில் வகுப்பறைகளைக் கட்டினார்கள், பிறகு தங்கும் அறைகளைக் கட்டினார்கள். சமையலறைச் சுவர் ஜன்னல் மட்டத்துக்கு எழும்பியபோது மழை பிடித்துக்கொண்டது. மழை விட்டது, கொத்தனார்கள் மட்டும் திரும்பி வரவில்லை. ஆகவே எண்பதுகளின் தொடக்கத்தில் நான் தாவரவியல் முதலாண்டில் சேர்ந்தபோது, எங்களுக்குச் சோறு சேலத்திலிருந்து வேனில் ஏறி வந்தது.

சமைத்து அனுப்பியவர் சேலத்தில் கல்யாணங்களுக்குச் சமைக்கும் ஒரு கான்ட்ராக்டர். அவர் கைச் சாப்பாட்டைப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் எல்லாரும் அருமை என்றுதான் சொன்னார்கள். எனக்கும் அதில் சந்தேகம் இல்லை. அடிவாரத்தில் அது நல்ல சாப்பாடாகவே இருந்திருக்கும். கெட்டதெல்லாம் வழியில்தான்.

சேலத்திலிருந்து மேலே வர இருபது கொண்டை ஊசி வளைவுகள். அண்டாக்களில் ஒன்று சாம்பார், ஒன்று ரசம், ஒன்று மோர். பாதி மலை ஏறுவதற்குள் மூடிகள் தளர்ந்துவிடும். அதற்கு மேல் ஒவ்வொரு வளைவிலும் அண்டாக்கள் ஒன்றோடொன்று கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளும். மேலே வந்து சேரும்போது ரசத்தில் பருப்பு இருக்கும், மோரில் கடுகும் கறிவேப்பிலையும் இருக்கும், சாம்பார் எங்கே போனது என்று வேனின் தரையைப் பார்த்தால் தெரியும். இட்லியைச் சுடச்சுட அடுக்கி மூடி அனுப்புவார்கள். அது ஆவியில் ஒன்றாக ஒட்டி ஒரே இட்லியாக வந்து இறங்கும். ஹாஸ்டல் ஆயா அதைக் கத்தியால் சதுரம் சதுரமாக வெட்டிப் பரிமாறுவார். வெண்பொங்கலில் நெய் உறைந்து மேலே வெள்ளை பூத்திருக்கும். மதியச் சோறும் காலை வேனிலேயே வந்துவிடும். அந்தக் குளிரில் ஒரு மணிக்குத் திறந்தால் பருக்கை ஒவ்வொன்றும் தனித்தனியாக நிமிர்ந்து நிற்கும். சப்பாத்தியைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை.

வேனுக்கு இரண்டு டிரைவர்கள். ஒருவர் வயதானவர், நிதானமாக வருவார். அவர் முறையன்று ரசம் ரசமாகவே இருக்கும். இன்னொருவர் முன்பு லாரி ஓட்டியவர். அவர் முறையன்று நாங்கள் தட்டை எடுக்காமல் வேன் தரையிலிருந்து வழித்துக்கொள்ளலாம் என்று ஸ்பூனை மட்டும் எடுத்துக்கொண்டு போவோம். கடைசி வளைவில் ஹாரன் அடிக்கும் விதத்திலேயே இன்று யார் என்று தெரிந்துவிடும். அறையில் தலை வாரிக்கொண்டே அன்றைக்கு என்ன கதி என்று பேசி முடித்துவிடுவோம்.

என் அறைத்தோழி வெள்ளக்கடை என்ற மலைக் கிராமத்துக்காரி. அவள் அப்பா அங்கே மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். சாப்பிடும் முன் கண்ணை மூடி ஜெபம் செய்வாள். மற்ற கிறிஸ்துவப் பெண்கள் எல்லாம் ஆமென் சொல்லி முடித்த பிறகும் இவள் கண்ணைத் திறக்க மாட்டாள். என்ன இவ்வளவு நேரம் என்று கேட்டால், நன்றி சொல்வது சீக்கிரம் முடிந்துவிடும், இதைத் தின்னத் தெம்பு கேட்பதற்குத்தான் நேரமாகிறது என்பாள். வார்டனம்மாவும் எங்களோடு அதே சாப்பாட்டைத்தான் சாப்பிட்டார். சாப்பாட்டைக் குறை சொல்லக் கூடாது என்பது அவர் கொள்கை. ஆனால் அவர் அறையில் எலுமிச்சை ஊறுகாய் ஜாடி ஒன்று இருந்ததும், மாதம் ஒரு தடவை அது காலியானதும் எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

அந்தச் சாப்பாட்டை வைத்து நாங்கள் சிரித்த சிரிப்பு கொஞ்சநஞ்சமல்ல. எனக்கு மட்டும் அந்தச் சிரிப்பில் முழுசாகச் சேர முடியவில்லை. காரணம் அப்பாவின் தராசு.

அப்பாவுக்கு ஆத்தூரில் அரிசி மண்டி. உத்திரத்தில் சங்கிலி போட்டுத் தொங்கவிட்ட பெரிய இரும்புத் தராசு ஒன்று அங்கே உண்டு. ஒரு தட்டில் மூட்டையை வைத்து மறு தட்டில் எடைக்கல் ஏற்றுவார்கள். கல்லூரிக்குக் கிளம்பிய அன்று காலை அப்பா என்னை அந்தத் தட்டில் ஏறி உட்காரச் சொன்னார். மூட்டை தூக்கும் ஆட்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். நான் அரை மூட்டைக்குக் கொஞ்சம் மேலே தேறினேன். மண்டியை விட்டுப் போகும் சரக்கு போய்ச் சேரும் இடத்தில் குறையக் கூடாது என்பது அப்பாவின் தொழில் தர்மம். மகளுக்கும் அதையே சொல்லிவிட்டார். குறையாமல் இருந்தால் படி, குறைந்தால் வீட்டுக்கு வந்துவிடு.

அம்மாவுக்கு அந்த ஏற்பாடு பிடித்திருந்தது. நாமக்கல்லில் இரண்டு லாரி வைத்திருக்கும் ஒரு வீட்டிலிருந்து என்னைப் பெண் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் சீக்கிரம் மெலிந்தால் நல்லது என்று அம்மா நினைத்தாள் என்று சொன்னால் பாவம். ஆனால் மெலிந்தால் வருத்தப்படவும் மாட்டாள்.

ஆயுத பூஜை லீவுக்குப் போனேன். பெட்டியைக் கீழே வைக்கும் முன்பே அப்பா தராசைக் காட்டினார். முதல் தடவை ஏற்றிய அதே கற்களை மறு தட்டில் ஏற்றியதும் நான் உட்கார்ந்திருந்த தட்டு ஜிவ்வென்று மேலே போனது. ஆட்கள் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. ஒரு கல்லை எடுத்தார், பிறகு இன்னொரு சின்னக் கல்லையும் எடுத்தார், அப்போதுதான் முள் நடுவில் நின்றது. வேன் சோற்றை வாயில் வைக்க முடியவில்லை என்று அம்மாவிடம் நானே வாய் தவறி உளறியும் வைத்திருந்தேன்.

"பொங்கலுக்கு இன்னொருக்கா ஏத்திப் பாப்பேன் சாமி" என்றார் அப்பா. "இதுக்கு மேல கொறஞ்சிருந்தா டீசிய வாங்கீரலாம். படிப்பு முக்கியந்தான், ஒடம்பு அத விட முக்கியம்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் எதிர்த்துப் பேசியிருப்பேன். அவர் வருத்தமாகச் சொன்னார். மலைக்குத் திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதுகொண்டே வந்தேன். எனக்கு அந்தப் படிப்பு அவ்வளவு பிடித்திருந்தது. மைக்ராஸ்கோப்பில் முதல் தடவை வெங்காயத் தோலைப் பார்த்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. தினமும் நறுக்கித் தாளிக்கும் வெங்காயத்துக்குள் இத்தனை அறைகள் கட்டி வைத்திருப்பது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும். அந்த இடத்தை விட்டு இரண்டு லாரிக்குப் பின்னால் போவதற்கு எனக்கு இஷ்டமில்லை.

எனவே சபதம் எடுத்துக்கொண்டு சாப்பிட்டேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டு கரண்டி கூடப் போட்டுக்கொண்டேன். இரண்டாம் நாளே வயிறு கடுத்து ஆயாவிடம் ஓமத் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். பொங்கல் நெருங்கிக்கொண்டே வந்தது.

ஒரு சனிக்கிழமை. அரை நாள்தான் கல்லூரி. காலையில் பழைய லாரி டிரைவர் முறை. மிச்சமான இட்லிச் சதுரங்களைத் தட்டில் போட்டுக்கொண்டு நானும் தோழியும் ஹாஸ்டலின் பின்பக்கம் போனோம். அங்கே முடியாத சமையலறைச் சுவர் நிற்கும், அதைத் தாண்டினால் கம்பி வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் காபி எஸ்டேட். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்க, கீழே காபிச் செடிகளில் பழம் சிவந்திருந்தது. பழம் பறிக்கும் காலம் அது, எஸ்டேட் முழுக்கப் பெண்கள் பேச்சு கேட்கும். அந்தப் பக்கம் குரங்குகள் வரும். குரங்குக்குப் போடலாம் என்று தோழி ஒரு சதுரத்தை எடுத்துக் கையை ஓங்கினாள்.

"ஏங்கண்ணு, எறியாதீங்க. இங்கிட்டுக் குடுங்க" என்று செடிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு ஒரு அக்கா வெளியே வந்தார். நாற்பது வயது இருக்கலாம். வேலிக் கம்பி வழியாகக் கையை நீட்டி ஒரு சதுரத்தை வாங்கினார். சட்னி இல்லை, ஒன்றும் இல்லை, நின்ற இடத்திலேயே தின்றார். தின்றுவிட்டு மற்றப் பெண்களையும் கூப்பிட்டார். இட்லி என்பது அவர்களுக்குத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சுடும் பண்டம். சாதாரணச் சனிக்கிழமையில் வேலிக்கு மேல் இட்லி வருவதை அவர்களால் நம்ப முடியவில்லை. எங்களாலும் நம்ப முடியவில்லை, அந்த இட்லியை ஒருவர் சிரித்த முகத்தோடு தின்பதை.

தட்டு காலியானதும் நாங்கள் கிளம்பப் பார்த்தோம். அக்கா விடவில்லை. சும்மா வாங்கித் தின்று அவர்களுக்குப் பழக்கமில்லையாம். மரத்தடியில் வைத்திருந்த தூக்குப்போசியை எடுத்து வந்து திறந்தார். உள்ளே ராகிக் களி உருண்டை, மேலே சின்னக் கிண்ணத்தில் கீரைக் கடைசல். உருண்டையில் பாதியைப் பிட்டு எங்கள் தட்டில் வைத்தார். காலையில் கிளறியதுதான், ஆனாலும் நடுவில் இன்னும் கதகதப்பு இருந்தது.

எங்கள் வீட்டில் மூன்று வேளையும் அரிசி. அதுவும் ஆத்தூர் கிச்சிலிச் சம்பா. ராகி, கம்பு, சோளம் எதுவும் எங்கள் வாசல்படி தாண்டி வந்ததில்லை. களி என்ற பேச்சு எடுத்தாலே அப்பாவுக்கு முகம் சுருங்கிவிடும். சின்ன வயதில் ஒரு தடவை பக்கத்து வீட்டில் நான் களி தின்றுவிட்டு வந்ததற்கு அவர் அம்மாவை வைத வசவு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. நம்ம வீட்டுப் பிள்ளை களி தின்பதா என்று அன்று மத்தியானச் சாப்பாட்டுக்கே உட்காரவில்லை. ஆகவே தட்டில் விழுந்த களியைப் பார்த்து நான் ஒரு நிமிஷம் தயங்கினேன். ஒரு நிமிஷம்தான். என் தோழி அன்றைக்கு ஜெபமே செய்யவில்லை. கை கழுவக்கூட மறந்துவிட்டாள்.

களியை மென்று தின்னக் கூடாது என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சொல்லிக்கொடுத்தார்கள். கிள்ளி, கடைசலில் புரட்டி, நாக்கில் வைத்தால் அதுவாக வழுக்கிக்கொண்டு போக வேண்டும். நான் மென்று மென்று பல்லெல்லாம் அப்பிக்கொண்டு நின்றதைப் பார்த்து அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. மத்தியானம் எஸ்டேட்டில் சாப்பாட்டுச் சங்கு ஊதியதும் நாங்கள் வேலிக்கு ஓடுவோம். முதலில் நாங்கள் இரண்டு பேர், பிறகு எங்கள் வராந்தா முழுக்க. இந்தப் பக்கமிருந்து இட்லியும் சோறும் போகும், அந்தப் பக்கமிருந்து களியும் தட்டைப்பயற்றுக் குழம்பும் வரும், அதிர்ஷ்டம் இருந்தால் கருவாட்டுக் குழம்பும் வரும். வியாபாரம் முடிந்து திரும்பும்போது எங்களுக்குச் சிரிப்பு தாங்காது. ஆறிப்போன சதுரத்தைக் கொடுத்து அமிர்தத்தை வாங்கிவிட்டோமே என்று. காபிச் செடிகளுக்குள்ளிருந்தும் சிரிப்புச் சத்தம் கேட்கும். வெறும் களியைக் கொடுத்து அரிசிப் பலகாரத்தை வாங்கிவிட்டோமே என்று அவர்களுக்கு. இரண்டு பக்கமும் எதிர்ப்பக்கத்தை நினைத்துப் பரிதாபமும் பட்டுக்கொண்டோம். களியைப் பார்த்ததும் நாங்கள் பாய்ந்த பாய்ச்சலைக் கண்டு, இந்தப் பிள்ளைகளுக்கு வீட்டில் வசதி போதாது, ஹாஸ்டலிலும் அரை வயிறுதான் போடுகிறார்கள் என்று அவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். அக்கா பெரிய போசியாகக் கொண்டுவர ஆரம்பித்தார்.

இதில் ஏமாந்தவர் வார்டனம்மா ஒருவர்தான். காலையில் இட்லிக்கு அடிதடி நடப்பதைப் பார்த்து அவர் பூரித்துப்போனார். ஒரு ஞாயிறு சாப்பாட்டு மேஜையில் எழுந்து நின்று, சாப்பாட்டைக் குறை சொல்லாத குணம் கடைசியில் எங்களுக்கு வந்துவிட்டது என்று பாராட்டினார். கான்ட்ராக்டருக்கும் சொல்லி அனுப்பினார். அவர் மனம் குளிர்ந்து மறுநாளிலிருந்து இன்னொரு டப்பா இட்லி கூடுதலாக ஏற்றி அனுப்பினார். அந்த வருஷம் எஸ்டேட்டில் பாதிப் பேருக்கு மத்தியானப் பலகாரம் சேலத்திலிருந்து போனது அவருக்குத் தெரியாது.

எனக்கு ரவிக்கை இறுகத் தொடங்கியது. தோழி என் கையைப் பிடித்துப் பார்த்து, தராசு என்ன சொல்கிறதோ, எனக்கு நல்ல செய்தியாகத்தான் படுகிறது என்றாள். பொங்கலைப் பற்றிய பயம் விட்டது. அப்பாவுக்கு எடைதானே வேண்டும், எதைத் தின்று ஏறியது என்று எடைக்கல்லா கேட்கப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மார்கழியில் ஒரு சனிக்கிழமை, நல்ல பனிமூட்டம். நான் வேலியோரப் பாறையில் உட்கார்ந்து, இடது உள்ளங்கையில் களியை வைத்துக்கொண்டு குழம்பு ஊற்றுவதற்காகக் காத்திருந்தேன். தோழி என் தோளைக் கிள்ளினாள். திரும்பினால், சமையலறைச் சுவரைச் சுற்றிக்கொண்டு வெள்ளை வேட்டியும் குடையுமாக அப்பா வந்துகொண்டிருந்தார்.

சேலத்துக்கு லோடு இறக்க வந்தவர், அப்படியே என்னைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று பஸ் ஏறிவிட்டாராம். பிள்ளைகள் பின்பக்கம் இருக்கிறார்கள் என்று ஆயா காட்டியிருக்கிறார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைத்தான் பார்த்தார். கையை எங்கே ஒளிப்பது? டீசி என்ற எழுத்து இரண்டும் என் கண் முன்னால் நின்றன. அப்பா என்று கூப்பிட வாயைத் திறந்தேன்.

அதற்குள் அக்கா முந்திக்கொண்டார். குடை, வேட்டி, கைக்கடிகாரம், முன்னே தள்ளிய தொப்பை. கான்ட்ராக்டர் இப்படித்தான் இருப்பார் என்று நாங்கள் அக்காவிடம் வாய்க்கு வந்தபடி வர்ணித்திருந்தோம், நாங்களே அவரைப் பார்த்ததில்லை என்றாலும். இடுப்புச் சாக்கை இழுத்துவிட்டுக்கொண்டு அக்கா வேலிக்கம்பியைப் பிடித்தார்.

"ஏனுங்க, நீங்கதானுங்களே சேலத்துல இருந்து சோறு அனுப்பறவரு? வயசுப் புள்ளைங்களுங்க இதுங்க. ஒரு வாய் வெக்க முடியலீன்னு வேலியோரம் வந்து நிக்குதுங்க. நீங்க மட்டும் ஊட்டுல நொம்ப நல்லாத் தின்னுட்டுத்தான வந்திருக்கீங்க?" என்றார். சொல்லும்போது கண் அப்பாவின் வயிற்றில் இருந்தது.

தான் அவர் இல்லை, இவளுக்கு அப்பன் என்று அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் பாறைமேல் இருந்த என் தட்டைப் பார்த்தார். அதில் மாற்றுவதற்காகக் கொண்டுவந்த மதியச் சோறு இருந்தது. குனிந்து நாலு பருக்கையை எடுத்து விரல்களுக்கு நடுவில் வைத்து நசுக்கினார். முகர்ந்தும் பார்த்தார்.

"அரிசி மேல குத்தமில்லீங்க அம்மிணி" என்றார். "நல்ல அரிசிதானுங்க. வடிச்சு நேரமாயிப் போச்சு, அதான்."

அரிசியைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்று அக்கா திருப்பிக் கேட்டார். என் தோழி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுவிட்டாள். ஆத்தூர்க் கடைவீதியில் அப்பாவை அப்படி ஒருவர் கேட்டிருந்தால் அன்றைக்குக் கடையைச் சாத்தியிருப்பார்கள். அப்பா கையிலிருந்த பருக்கையைப் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு அக்காவுக்கு இரக்கம் வந்துவிட்டதோ என்னவோ, போசியிலிருந்து பெரிய உருண்டையாக எடுத்து வேலிக்கு மேல் நீட்டினார். இதைத் தின்று பாருங்கள், வயிறு நிறைவது என்றால் என்னவென்று தெரியட்டும் என்றார்.

அப்பா வேண்டாம் என்று சொல்வதற்காகக் காத்திருந்தேன். அவர் குடையை மடக்கி வேலியில் மாட்டினார். கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். இரண்டு கையாலும் உருண்டையை வாங்கி இடது உள்ளங்கைக்கு மாற்றினார். கட்டைவிரலால் நடுவில் ஒரு குழி பறித்தார். குழம்புக்காகக் கையை நீட்டியபடியே பாறையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். குழி நிறைந்ததும் ஓரத்திலிருந்து கிள்ளினார், புரட்டினார், வாயில் போட்டார். தாடை அசையவே இல்லை. தொண்டைக்குழி மட்டும் ஒரு தடவை ஏறி இறங்கியது.

அரிசிச் சோற்றிலேயே வளர்ந்தவனுக்கு அந்தக் கை வராது. நான் எத்தனையோ மத்தியானம் பழகியும் எனக்கு இன்னும் குழியிலிருந்து குழம்பு வழிந்து முழங்கை வரைக்கும் போகும். அப்பா கையில் ஒரு சொட்டு சிந்தவில்லை. குனிந்த தலை நிமிராமல் தின்று முடித்தார். முடித்ததும், இன்னும் ஒரு கை இருக்குமா என்று அக்காவைக் கேட்டார்.

அப்போதுதான் நான் அப்பா என்று கூப்பிட்டேன். அக்காவுக்கு விஷயம் புரிந்துபோய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு காபிச் செடிக்குள் ஓடிவிட்டார். அப்பா அந்தத் திசையைப் பார்த்து, பரவாயில்லைங்க, பிள்ளைகளுக்காகத்தானே கேட்டீங்க என்று சத்தமாகச் சொன்னார். செடிக்குள்ளிருந்து சிரிப்பு மட்டும் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு கை இன்னொரு உருண்டையை நீட்டியது.

பஸ் ஸ்டாண்டு வரை அவரோடு நடந்தேன். ஏரி பனிக்குள் மறைந்திருந்தது, படகுத் துடுப்புச் சத்தம் மட்டும் கேட்டது. அதைத் தாண்டியதும் அப்பா ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"உங்க பெரியப்பனும் நானும் மண்டியில மூட்டை தூக்குனவங்க கண்ணு. இதே களியத் தின்னுட்டுத்தான் காலைல ஏறுவோம். கடைன்னு ஒண்ணு வெச்ச அன்னிக்கு, இனி எம்பட ஊட்டுல இது வேகக் கூடாதுன்னு நெனச்சேன். இத்தன வருசம் அப்பிடியே ஓட்டிப் போட்டேன்."

எனக்கு அது அதுவரை தெரியாது. அப்பா பிறக்கும்போதே கல்லாவில் உட்கார்ந்து பிறந்தார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது, ஆனால் எங்கள் பக்கத்தில் அப்பாவை நடுரோட்டில் கட்டிக்கொள்வது வழக்கமில்லை. அவர் குடையை வாங்கி நான் பிடித்துக்கொண்டேன். என்னைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறாரா என்று கேட்டேன். பொங்கலுக்கு வா, பார்க்கலாம் என்றார். பஸ் வந்தது, ஏறிவிட்டார்.

பொங்கலுக்குள் அப்பா இன்னும் இரண்டு தடவை வந்தார். இரண்டும் சனிக்கிழமை, இரண்டும் சங்கு ஊதும் நேரம். மகள் மேல் எவ்வளவு பாசம் பாருங்கள் என்று வார்டனம்மா மற்றப் பெண்களிடம் சொன்னார். பாசத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வந்தவர் எனக்கு ஒரு பொட்டலம் முறுக்கும் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பை கிச்சிலிச் சம்பாவும் கொண்டுவந்தார். சும்மா தின்ன அவருக்கும் பழக்கமில்லையாம். அக்கா இப்போது முகத்தை மூடிக்கொள்வதை விட்டுவிட்டு, அந்த அரிசியை எப்படி வடித்தால் பதமாக இருக்கும் என்று அவரோடு வாதாடினார். அப்பாவும் சளைக்கவில்லை. நான் என்ற ஒருத்தி நடுவில் உட்கார்ந்திருப்பதே இருவருக்கும் மறந்துபோனது.

பொங்கல் வந்தது. போகிக்கு முதல் நாள் மண்டியில் தராசைத் துடைத்து வைத்திருந்தார்கள். நாமக்கல்காரர்களுக்குத் தை பிறந்ததும் பதில் சொல்ல வேண்டும் என்று அம்மாவும் மண்டிக்கே வந்து நின்றாள். நான் ஏறி உட்கார்ந்தேன். நான் முதலில் கிளம்பிய அன்றைய கற்களை அப்பா ஏற்றினார். என் தட்டு தரையை விட்டு எழும்பவே இல்லை. ஒரு கல்லைச் சேர்த்தார். அசையவில்லை. இன்னொன்று. ஆட்களில் ஒருவர் சீட்டி அடித்தார். முள் நடுவுக்கு வருவதற்குள் அப்பா மூன்று கல் சேர்த்துவிட்டார்.

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஆனால் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அவளை ஏமாற்றுவது கஷ்டம்.

"ஏனுங்க, அந்த வேன் சோத்துலயா இவ இத்தன தேறுனா?" என்று அப்பாவைக் கேட்டாள். "போன தடவ அத வாயில வெக்க முடியலீன்னு இவதானுங்க சொன்னா. என்னத்தத் தின்னா, யாரு ஊட்டுல தின்னான்னு கேளுங்க."

உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மகள் எஸ்டேட் வேலியில் கையேந்திக் களி தின்றாள் என்று அம்மா அன்றைக்கே பெட்டியை உள்ளே வைத்துவிடுவாள். பொய் சொல்லவும் எனக்கு வராது. தட்டின் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்பா கற்களை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"மெஸ் சோறு அருமையான சோறு" என்றார். "நானே மூணு தடவ போயி உக்காந்து தின்னு பாத்தேன். அந்த மாதிரி நம்மூட்டுல கூட இல்ல. நாமக்கல்லுக்கு இப்பத்திக்கு இல்லைன்னு சொல்லியனுப்பீரு. புள்ள படிப்ப முடிக்கட்டும்."

சோற்று விஷயத்தில் அப்பா ஒன்று சொன்னால் அதற்கு மேல் ஆத்தூரில் பேச்சு கிடையாது. அவர் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான், அதையும் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு சொன்னார். நான் தராசிலிருந்து குதித்து இறங்கினேன். சந்தோஷத்தில் எனக்குக் கால் நிற்கவில்லை. அதற்குப் பிறகு அப்பா என்னை எடை போடவே இல்லை.